அறிமுக நரம்பியல் பாடம் நன்றாகப் படிப்பவர்களையும் ஏன் திணறடிக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உளவியல் படிக்கிறீர்கள். அறிமுக நரம்பியலை ஆசைப்பட்டு எடுத்தீர்கள். ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. பாடநூலை இரண்டு முறை படித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் வண்ணம் தீட்டி வைத்தீர்கள். முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. "எனக்கு மட்டும்தான் இப்படியா, இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?"

உங்களுக்கு மட்டும் இல்லை. இந்தப் பாடத்துக்கான டியூட்டோரியல் வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். முதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் முகம் வாடி வந்து நிற்பவர்களில் பலர் அதுவரை எந்தப் பாடத்திலும் பின்தங்காதவர்கள். மருத்துவ மாணவர்களுக்கும் இதே நிலைதான். ரால்ஃப் ஜோசஃபோவிச் என்ற நரம்பியல் பேராசிரியர் 1994-ல் இதற்கு "நியூரோஃபோபியா" என்றே பெயர் வைத்தார். அடிப்படை அறிவியலில் படித்ததை நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்க முடியாமல் போவதால் வரும் பயம் என்று அதற்குக் காரணமும் சொன்னார். அந்தக் காரணம் உங்கள் தேர்வுத் தாளுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் படிப்படியாக மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லும்போது நின்றுவிடுகிறது.

இந்தப் பாடத்துக்குப் பெயர் ஒன்று, உள்ளே இருப்பவை நாலைந்து பாடங்கள். முதல் சில வகுப்புகள் வரலாறும் செல் அமைப்பும். பிறகு திடீரென்று மின்னியல். அடுத்து வேதியியல். அதற்கப்புறம் வரைபடம் படிப்பது போல உடற்கூறியல். கடைசியில் நினைவு, உணர்ச்சி, தூக்கம். ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முறை வேறு. மாணவர்களோ பருவம் முழுவதும் ஒரே முறையில் படிக்கிறார்கள். அதனால் யார் எங்கே இடறுவார்கள் என்பதை அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். உளவியலிலிருந்து வருபவர்கள் அயனிகளில் இடறுவார்கள். பொறியியல்காரர்களுக்கு அயனிகள் எளிது, மூளைத்தண்டின் பெயர்கள் வந்ததும் மூச்சு முட்டும். உயிரியல் மாணவர்கள் இரண்டையும் சமாளித்துவிட்டு, சோதனை முடிவைக் கொடுத்து "இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது" என்று கேட்டால் தடுமாறுவார்கள். நீங்கள் இடறிய இடம் உங்கள் அறிவின் எல்லையைக் காட்டவில்லை. உங்கள் முந்தைய படிப்பு எங்கே முடிந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

முதல் தேர்வு எல்லோரையும் புரட்டிப் போடுவது சவ்வு மின்னழுத்தத்தில், அதாவது செல் சவ்வின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டில். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கதை பெரும்பாலும் இப்படி இருக்கும்: நியூரானுக்குள் (நரம்பு செல்லுக்குள்) -70 மில்லிவோல்ட். சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் வெளியே போகிறது, இறங்குகிறது. பிறகு சவ்விலுள்ள பம்ப் என்ற புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இதில் ஒவ்வொரு வரியும் தனித்தனியே பார்த்தால் ஏறத்தாழ சரிதான். ஆனால் இந்தக் கதையைப் படித்தவர்களில் பாதிப்பேர் மனதில் ஒரு தவறான படம் பதிந்துவிடுகிறது: ஒவ்வொரு ஆக்ஷன் பொட்டென்ஷியலின் (இப்படி மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஒரு துடிப்பின்) போதும் செல்லுக்குள் சோடியம் நிரம்பி வழிகிறது, பம்ப் உடனே ஓடிவந்து காலி செய்கிறது என்ற படம். தேர்வுக் கேள்விகள் குறிவைப்பது இந்தப் படத்தைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான செல். சவ்வின் மின்தேக்குத் திறன் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஃபாரட். மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்ற எத்தனை அயனிகள் சவ்வைக் கடக்க வேண்டும்? சுமார் 80 லட்சம். அதே செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொட்டாசியம் அயனிகள் எத்தனை? லிட்டருக்கு 140 மில்லிமோல் என்று வைத்தால் சுமார் 35,000 கோடி. ஆக, கடந்து போவது ஏறத்தாழ 45,000-ல் ஒரு பங்கு. உண்மையில் சோடியமும் பொட்டாசியமும் கொஞ்ச நேரம் ஒன்றாக எதிரெதிரே ஓடுவதால் இதைவிடச் சில மடங்கு கூடும். மிக மெல்லிய ஆக்ஸான்களில் (நியூரானின் நீண்ட இழைகளில்) இன்னும் கூடும். அப்போதும் ஒரே ஒரு ஆக்ஷன் பொட்டென்ஷியலால் செறிவு குறிப்பிடும்படி மாறுவதில்லை. மின்னழுத்தம் தலைகீழாகிறது, செறிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு வாக்கியம் உள்ளே இறங்கிவிட்டால் முதல் தேர்வின் பெரும்பகுதி தானாக அவிழும்.

அப்படியானால் பம்ப் என்ன செய்கிறது? மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வருவது தொட்டி நிரம்பியிருப்பதால். அந்த நொடியில் மோட்டார் ஓட வேண்டியதில்லை. பல நாள் ஓடாவிட்டால்தான் தொட்டி வறளும். ஹாட்ஜ்கின், கீன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1955-ல் வெளியிட்ட சோதனைகளில் கணவாய் வகை உயிரிகளின் ராட்சத ஆக்ஸானுக்கு, ஆற்றல் உற்பத்தியை முடக்கும் நஞ்சைக் கொடுத்தார்கள். சோடியத்தை வெளியேற்றும் வேலை நின்றது. ஆக்ஷன் பொட்டென்ஷியல் நிற்கவில்லை. மின்னழுத்தத்தை மீண்டும் இறக்குவது பம்ப் என்று எழுதியவர்களுக்கு இந்தச் சோதனையைத்தான் நான் எப்போதும் காட்டுவேன்.

இதோடு சேர்த்து மூன்று நஞ்சுகளைப் படித்துவிடுங்கள். பலூன் மீனின் டெட்ரோடோடாக்சின் மின்னழுத்தத்தால் திறக்கும் சோடியம் சேனலை (சவ்வில் அயனி கடக்கும் வாயிலை) அடைக்கும். ஆக்ஷன் பொட்டென்ஷியல் எழவே எழாது, ரெஸ்டிங் பொட்டென்ஷியலோ (ஓய்வுநிலை மின்னழுத்தமோ) ஏறத்தாழ அப்படியே இருக்கும். டெட்ராஎதில்அம்மோனியம் பொட்டாசியம் சேனலை அடைக்கும். ஏற்றம் இருக்கும், இறக்கம் தாமதமாகி அலை அகன்றுவிடும். ஊவாபெய்ன் பம்ப்பை அடைக்கும். உடனே பெரிதாக எதுவும் நடக்காது, நேரம் போகப்போகச் செறிவு வேறுபாடு கரைந்து எல்லாம் சரியும். மூன்றுக்கும் அலையின் படத்தைப் பார்க்காமல் வரைய முடிந்தால் அந்த அத்தியாயம் உங்களுடையது. முடியாவிட்டால், எத்தனை முறை வாசித்திருந்தாலும் இன்னும் இல்லை.

கேள்விகள் எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி: "செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தை 5 மில்லிமோலாரிலிருந்து 10 ஆக்கினால் ரெஸ்டிங் பொட்டென்ஷியல் என்னாகும்?" நிறையப் பேர், வெளியே நேர்மின் அயனிகள் கூடிவிட்டன, எனவே உள்ளே இன்னும் எதிர்மறையாகும் என்று எழுதுகிறார்கள். செறிவு வேறுபாட்டை மின்னழுத்தமாக மாற்றும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் (அந்த அயனி நிகரமாக எந்தப் பக்கமும் ஓடாத மின்னழுத்தம்) ஏறக்குறைய -89-லிருந்து -70 மில்லிவோல்ட்டுக்கு நகர்கிறது. ஓய்வில் இருக்கும் சவ்வு முக்கியமாகப் பொட்டாசியத்துக்குத்தான் வழிவிடுகிறது என்பதால் ரெஸ்டிங் பொட்டென்ஷியலும் அதே திசையில், பூச்சியத்தை நோக்கி நகரும். பொட்டாசியம் வெளியேறத் தூண்டும் செறிவு வேறுபாடு குறைந்துவிட்டது, குறைவாக வெளியேறினால் உள்ளே எதிர்மின்மை குறையும். அவ்வளவுதான் காரணம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறுவதற்கும் அடிப்படை இதுவே. இந்தக் கேள்வியைப் பாடநூலில் எந்த வரியிலும் வண்ணம் தீட்டிக் கண்டுபிடிக்க முடியாது. தேர்வறையில் ஓட்டிப் பார்த்துத்தான் விடை வர வேண்டும்.

அந்தச் சமன்பாட்டில் வரும் மடக்கை (logarithm) என்றாலே கை நடுங்குகிறது என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. உங்களுக்கும் அப்படியானால் வெட்கப்படாமல் பள்ளிப் புத்தகத்தை எடுத்து அந்த ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். பத்து மடங்கு செறிவு வேறுபாடு என்றால் உடல் வெப்பநிலையில் ஒற்றை மின்னூட்ட அயனிக்குச் சுமார் 61 மில்லிவோல்ட் என்பது கையில் இருந்தால் போதும், பாதிக் கணக்கை மனதிலேயே போடலாம்.

ஆக்ஷன் பொட்டென்ஷியலைக் கணிதமாக விளக்கும் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளைக் கரும்பலகையில் பார்த்து நெஞ்சு படபடத்ததாக எழுதியிருந்தீர்கள். அறிமுகப் பாடத்தில் அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வது அரிது, சொன்னாலும் பயன் குறைவு. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் ஆக்ஸானுக்குள் மின்வாய் செலுத்தி முதல் பதிவை எடுத்தது 1939-ல். உலகப் போர் குறுக்கே வந்தது. முழு விளக்கமும் ஐந்து கட்டுரைகளாக வெளிவந்தது 1952-ல். நோபல் பரிசு 1963-ல். ஆக்ஸான் வழியே நகர்ந்து போகும் அலையை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கீட்டு இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டார். இத்தனையும் உங்களுக்கு இரண்டு வகுப்பில் சொல்லி முடிக்கப்படுகிறது. முதல் தடவையில் புரியாமல் போனது இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு நியூரான் அடுத்ததற்கு வேதிப்பொருளால் செய்தி கடத்தும் சினாப்ஸ் பற்றிய பகுதி ஒப்பீட்டளவில் எளிது, ஒரே ஒரு பொறி தவிர. எந்த வேதிப்பொருளையும் "தூண்டுவது", "அடக்குவது" என்று இரண்டு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அசிட்டைல்கோலின் எலும்புத்தசையைச் சுருங்க வைக்கிறது, அதே பொருள் இதயத்தைத் தணிக்கிறது. ஓட்டோ லோவி 1921-ல் தவளை இதயங்களில் காட்டியது அந்தத் தணிப்பைத்தான். விளைவைத் தீர்மானிப்பது அடுத்த செல்லில் அந்தப் பொருளைப் பிடிக்கும் ஏற்பி, அது திறக்கும் சேனல், அந்த அயனியின் சமநிலை மின்னழுத்தம். அயனிப் பகுதியை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது கூடுதல் சுமையே இல்லை.

அடுத்த பெரிய மலை உணர்வு, இயக்கப் பாதைகள். இரண்டாம் தேர்வில் மாணவர்கள் அழுவது இங்கேதான். பெயர்கள் நீளமானவை, எல்லாம் எங்கேயோ பக்கம் மாறுகின்றன, எது எங்கே மாறுகிறது என்று இரவு முழுக்க உருப்போட்டுவிட்டுக் காலையில் எல்லாவற்றையும் குழப்பிக்கொள்வார்கள். பெயர்ப் பட்டியலாக இதைப் படிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வெள்ளைத் தாளில் கீழிருந்து மேலாகத் தண்டுவடம், முகுளம் (மூளைத்தண்டின் அடிப்பகுதி), தலாமஸ் (புறணிக்குப் போகும் செய்திகளின் இடைநிலையம்), பெருமூளைப் புறணி என்று நான்கு கட்டங்கள் போட்டு, மூன்று நிறப் பென்சில்களால் மூன்று கோடுகள் இழுங்கள்.

முதல் கோடு நுண்ணிய தொடுகை, அதிர்வு, மூட்டு நிலை ஆகியவற்றுக்கு. நுழைந்த பக்கத்திலேயே மேலேறி, முகுளத்தில் அடுத்த நியூரானிடம் ஒப்படைத்து, அந்த இரண்டாவது நியூரான் பக்கம் மாறுகிறது. இரண்டாவது கோடு வலி, வெப்பத்துக்கு. தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அங்கேயே இரண்டாவது நியூரானிடம் ஒப்படைத்து, தண்டுவடத்தின் ஓரிரு துண்டங்களுக்குள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. மூன்றாவது கோடு மேலிருந்து கீழே வரும் இயக்கப் பாதை. அதன் இழைகளில் மிகப் பெரும்பாலானவை முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறுகின்றன.

இப்போது மார்புப் பகுதியில் தண்டுவடத்தின் வலது பாதியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுவது போல ஒரு கோடு போடுங்கள். எந்த நிறங்கள் வெட்டுப்படுகின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வலது கால் வலுவிழக்கும். வலது காலில் அதிர்வும் மூட்டு நிலையும் தெரியாது. வலியும் வெப்பமும் தெரியாமல் போவது இடது காலில். பிரௌன்-செக்கார்ட் நோய்க்குறித் தொகுப்பு என்று பாடநூலில் ஒரு பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். பெட்டியை மனப்பாடம் செய்தவர், வெட்டை இடப்பக்கத்துக்கோ முகுளத்துக்கு மேலேயோ மாற்றிக் கேட்டால் திகைத்துப் போவார். கோடு வரைந்தவருக்கு இடம் மாறினால் விரலை மாற்றி வைப்பதுதான் வேலை. பார்வைப் பாதைக்கும் இதே வழி: கண்ணின் எந்தப் பாதியிலிருந்து வரும் இழைகள் குறுக்கே போகின்றன என்று வரைந்துவிட்டால், இரு கண்களின் நரம்புகள் கூடும் சந்திப்பின் நடுவில் ஒரு கட்டி அழுத்தும்போது இரு பக்க ஓரப் பார்வையும் ஏன் போகிறது என்பது படத்திலேயே தெரியும்.

வெறும் மனப்பாடம் தேவைப்படும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 12 இணை மூளை நரம்புகள், 31 இணை தண்டுவட நரம்புகளின் பகுப்பு, மூளைப் பகுதிகளின் பெயர்கள். இவற்றுக்கு ஃபிளாஷ் கார்டு நல்ல கருவி. தினமும் கொஞ்சம், இடைவெளி விட்டு. ஆனால் அயனிகளுக்கும் பாதைகளுக்கும் கார்டு போட்டு நூற்றுக்கணக்கில் குவித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். உழைப்பு முழுக்க உண்மையானது, பலன் வராத இடத்தில் போய் விழுகிறது.

கடைசிப் பகுதியான நினைவும் நடத்தையும் உங்களைப் போன்ற உளவியல் மாணவர்களுக்குச் சொந்த வீடு என்று தோன்றும். கவனமாக இருங்கள், இங்கே மதிப்பெண் போவது அந்த நம்பிக்கையால்தான். ஹென்றி மோலைசனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1953-ல் கடுமையான வலிப்புக்காக இரு பக்க டெம்போரல் மடல்களின் உட்புறப் பகுதிகள், ஹிப்போகாம்பஸின் ஒரு பெரும் பங்கோடு, அகற்றப்பட்டு, புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்க முடியாமல் போனவர். தேர்வில் கதையைக் கேட்க மாட்டார்கள். அவரால் சில நொடிகளுக்கு எண்களை மனதில் வைத்திருக்க முடிந்தது. சிறுவயது நிகழ்வுகள் பல நினைவிருந்தன. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முந்தைய நாள் செய்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் தேறினார் என்று உளவியலாளர் பிரெண்டா மில்னர் காட்டினார். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு "ஹிப்போகாம்பஸ்தான் நினைவின் இருப்பிடம்" என்ற வாக்கியம் ஏன் தவறு என்று கேட்பார்கள். ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றுக்கும் கீழே, போனது என்ன, தங்கியது என்ன, இதிலிருந்து சொல்லக் கூடாதது என்ன என்று மூன்று வரி எழுதிப் பழகுங்கள்.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் பாடநூலிலோ குறிப்பிலோ மூளையில் 10,000 கோடி நியூரான்கள், அதைப்போல் பத்து மடங்கு கிளியா செல்கள் (நியூரான்களுக்குத் துணைபுரியும் செல்கள்) என்று இருந்தால் அது பழைய கணக்கு. 2009-ல் வெளிவந்த எண்ணிக்கை சுமார் 8,600 கோடி நியூரான்கள், கிளியாவும் ஏறத்தாழ அதே அளவு. அந்த நியூரான்களில் பெரும்பங்கு, சுமார் 6,900 கோடி, சிறுமூளையில் இருக்கிறது. எனக்கு இன்றும் வியப்புத் தரும் எண் இது.

நீங்கள் படித்த முறை பற்றி. ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு "எல்லாம் தெரிகிறது" என்று உங்களுக்குத் தோன்றியதற்கும் தேர்வறையில் கைவிட்டதற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். இன்னொரு சங்கடமும் உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019-ல் வெளிவந்த ஆய்வில், தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய வகுப்பில் குறைவாகக் கற்றதாக மாணவர்கள் உணர்ந்தார்கள், தேர்விலோ அதிகம் கற்றிருந்தார்கள். வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்து வரையும்போது எரிச்சலாகவும் முட்டாளாகவும் தோன்றும். அந்த நேரத்தில் பாடநூலைத் திறந்து வாசித்தால் உடனே நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். சிக்கிய இடம்வரை வரைந்துவிட்டு, சிக்கிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்காததால் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாக நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மௌனத்துக்கு அப்படி ஒரு பொருள் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "ஊவாபெய்ன் கொடுத்தால் அடுத்த ஆக்ஷன் பொட்டென்ஷியல் வருமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து படிக்க ஆள் கிடைத்துவிடும். சேர்ந்து படிப்பதென்றால் ஒருவர் வரைய, மற்றவர் "இதை அடைத்தால்? இங்கே வெட்டினால்?" என்று குறுக்கே கேட்பது. பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போகும்போதும் "புரியவில்லை" என்று போகாதீர்கள். பாதி வரைந்த படத்தோடு போங்கள். எங்கே கோடு நின்றதோ அங்கிருந்து அவர் தொடங்குவார்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தேர்வுத் தாளை எடுத்து, தவறான விடைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பெயரோ தகவலோ தெரியாமல் போனவை, தெரிந்தும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க முடியாமல் போனவை, கேள்வியைத் தவறாக வாசித்தவை. இரண்டாவது குவியல் பெரிதாக இருந்தால் இருங்கள். அது படிக்கும் முறையை மாற்றினால் சரியாகும் குறை, அடுத்த தேர்வுக்குள் மாற்ற நேரமும் இருக்கிறது. முதல் குவியல் பெரிதாக இருந்து, கூடவே வேலையோ மற்ற ஆய்வக வகுப்புகளோ வாரத்தை விழுங்குகின்றன என்றால், இந்தப் பருவத்தில் விட்டுவிட்டு அடுத்த முறை எடுப்பது நல்ல முடிவு. விலகுவதற்கான கடைசித் தேதியையும், முதல் தேர்வு மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு என்பதையும் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். பிரித்துப் பார்த்தபின் எந்தக் குவியல் பெரிது என்று எழுதுங்கள். இரண்டாவது என்றால், நீங்கள் தவறவிட்ட கேள்விகளில் இரண்டு மூன்றை அனுப்புங்கள், எந்தப் படியில் நின்றது என்று சேர்ந்து பார்க்கலாம்.